பொறி தரும் படமும் ஓவியர் வாழ்வும்

1908ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தின் பிராட் கம்டன் என்னும் சிற்றூரிலிருந்த எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்திலிருந்து பெருநூல் ஒன்று வெளிவந்தது. அச்சிடப்பட்ட பிரதிகள் 425 மட்டுமே. 'இடைக்காலச் சிங்களக் கலை' என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். எழுதியவர் கொழும்பிலே தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்கு 1903 முதல் 1906 வரை தலைமை தாங்கிய அவர், பாறைகளைத் தேடிச் சென்ற மலைநாட்டுக் கிராமங்களிலே சித்திரக்காரரையும் கொல்லரையும் தட்டாரையும் நெசவாளரையும் கண்டார். அவர்கள் செய்த பொருள்களின் அழகை வியந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அவர்கள் தொழிலை யாரிடம் கற்றனர், எவருக்காகச் செய்தனர், ஈடாக எதைப் பெற்றனர், கண்டி அரசு வீழ்ந்த 1815ஆம் ஆண்டின் பின்னர் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்னும் வினாக்களையும் எழுப்பினார். கலையைப் பற்றிய ஆராய்ச்சி கலைஞனின் சோற்றைப் பற்றிய ஆராய்ச்சியாகவும் இருத்தல் வேண்டும் என்பதை இந்நாட்டார்க்கு விரிவாக உணர்த்திய நூல் அது.

நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. அதே கண்டி மலைகளின் நடுவிலே, ஹந்தானைச் சரிவிலிருந்து, அதே வினாவை நாம் மீண்டும் எழுப்ப வேண்டியுள்ளது. இப்போது கேள்விக்குள்ளாகியிருப்பது கோயிற் சுவரில் வண்ணந் தீட்டிய சித்திரக்காரரின் வாழ்வன்று. பத்திரிகைக்கும் நூலுக்கும் விளம்பரத்துக்கும் படம் வரைந்து பிழைக்கும் ஓவியரின் வாழ்வும், பாடசாலையிற் பென்சிலைக் கையிலெடுக்கும் பிள்ளையின் கல்வியுமே.

நிகழ்ந்ததைச் சுருக்கமாக நோக்குவோம். 2021 ஜனவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம், சொற்களை உள்ளிட்டாற் படத்தை வெளியிடும் டால்-ஈ என்னும் செயற்கை நுண்ணறிவுப் பொறியை அறிவித்தது. 2022ஆம் ஆண்டில் அதன் இரண்டாம் வடிவமும், மிட்ஜர்னியும், ஸ்டேபிள் டிஃபியூஷனும் அடுத்தடுத்து வெளிப்பட்டன. 2025 மார்ச் மாதத்தில், ஜப்பானிய ஸ்டூடியோ கிப்லியின் சித்திரப் பாணியில் தம் குடும்பப் புகைப்படங்களை மாற்றிக்கொள்ளும் மோகம் உலகெங்கும் பரவியது. பல்லாண்டு உழைப்பால் ஒரு கலைக்கூடம் உருவாக்கிய பாணி, சில நாட்களுக்குள்ளே கைப்பேசி வைத்திருந்தோர்க்கெல்லாம் விளையாட்டுப் பொருளாயிற்று.

இப்பொறி இயங்கும் முறையை அறியாமல் அதனைப் புகழ்வதும் பழிப்பதும் பயனற்றவை. கோடிக்கணக்கான படங்களும் அவற்றுக்குரிய சொல் விளக்கங்களும் அதற்கு ஊட்டப்படுகின்றன. ஒவ்வொரு படத்திலும் சிறிது சிறிதாக இரைச்சற் புள்ளிகளைத் தூவிச் சிதைத்து, அச்சிதைவை நீக்கும் வழியைப் பொறி கணக்கிட்டுப் பழகுகிறது. பழகி முடிந்த பின்னர், வெறும் புள்ளிக் குழப்பத்திலிருந்து தொடங்கி, நாம் கொடுக்கும் சொற்களுக்கு இசைவாக அக்குழப்பத்தை நீக்கிக்கொண்டே போய் ஒரு படத்தை அடைகிறது. ஸ்டேபிள் டிஃபியூஷனின் பயிற்சிக்கு அடிப்படையாக அமைந்த லேயான் தொகுதியின் பெரும் பட்டியலிலே 585 கோடிப் படங்களின் இணைய முகவரிகளும் விளக்கங்களும் இருந்தன. அவை இணையத்திலிருந்து திரட்டப்பட்டவை. வரைந்தவரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை, கூலியும் கொடுக்கவில்லை. இக்காரணம் பற்றியே சாரா ஆண்டர்சன், கெல்லி மக்கெர்னன், கார்லா ஓர்டிஸ் என்னும் மூன்று ஓவியர்கள் 2023 ஜனவரியில் அமெரிக்காவில் இந்நிறுவனங்கள்மீது வழக்குத் தொடர்ந்தனர்.

இதனால் ஓவியரின் பிழைப்பு எவ்வாறு பாதிக்கப்பட்டது? பிரித்தானிய எழுத்தாளர் சங்கம் 2024 ஜனவரியில் தன் உறுப்பினரிடையே நடத்திய ஆய்வில் 787 பேர் பங்குபற்றினர். அவர்களுள் ஓவியராயிருந்தோரில் 26 சதவீதத்தினர் இப்பொறிகளால் வேலை இழந்ததாகவும், 37 சதவீதத்தினர் தம் வேலைக்குரிய வருமானம் குறைந்ததாகவும் கூறினர். பொறிகள் பரவத் தொடங்கி இரண்டாண்டுகள்கூட நிறையாத காலத்துக் கணக்கு இது. சங்கமும் ஒப்பந்தமும் உள்ள நாட்டிலேயே நிலைமை இவ்வாறாயின், ஒப்பந்தம் என்ற சொல்லையே அறியாத நம் அட்டைப்பட ஓவியரின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பத்திரிகை உலகம் ஓவியரால் வளர்ந்த உலகம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் 'பொன்னியின் செல்வன்' வெளிவந்தபோது மணியம் வாரந்தோறும் வரைந்த படங்களுக்காகக் காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. வந்தியத்தேவனுக்கு இன்றும் நம் மனத்தில் இருக்கும் முகம் கல்கியின் எழுத்தால் மட்டும் அமைந்ததன்று. கோபுலுவின் கோட்டிலே நம் நடுத்தரக் குடும்பங்களின் நடையும் உடையும் வம்பும் பதிந்துள்ளன. சிற்பி கோயில்களின் முன் அமர்ந்து, தூணையும் சிலையையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். ஈழத்திலே எத்தனையோ நூல்களுக்கு அட்டை வரைந்த ரமணியின் கைவண்ணத்தைத் தம் புத்தக அலுமாரியில் வைத்திராத இலக்கிய வாசகர் மிகச் சிலரே இருப்பர். இவர்களுட் பலர் எழுத்தாளனைவிடக் குறைவான பெயருக்கும் கூலிக்கும் உழைத்தவர்கள். எனினும் உழைக்க இடம் இருந்தது. இளம் ஓவியன் ஒருவன் சிறுகதைக்குப் படம் வரைந்தும், கோயில் திருவிழா அறிவித்தலுக்கு எழுத்தமைத்தும், நினைவு மலருக்கு முகப்புத் தீட்டியும் தொழில் பழகினான். ஏணியின் அந்தக் கீழ்ப்படிகளைத்தான் பொறி இன்று முதலிற் பிடுங்குகிறது. பெயர்பெற்ற ஓவியர் சிலர் தப்புவர். நாளை பெயர்பெற வேண்டியவர் கால் வைக்க இடமிராது.

இவ்விடத்தில் முற்போக்காளர் சிலர் கூறும் மறுமொழி ஒன்றுண்டு. பொறி பகையன்று, பொறியின் உடைமையாளனே பகை என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே புகைப்பட அச்சுக்கட்டைகள் வந்து, மரத்திற் படஞ் செதுக்கிய தொழிலாளரின் பிழைப்பை அழித்தன. அதனாற் பத்திரிகை அழிந்துவிடவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே 'ஃபிளெக்ஸ்' அச்சு வந்து, தமிழகத்தின் பதாகை ஓவியரையும் நம் ஊர்களின் பெயர்ப்பலகை எழுதுவோரையும் வேலையற்றவராக்கியது. அதற்காக எவரும் ஃபிளெக்சைத் தடைசெய்யவில்லை. ஆதலின் இதுவும் அவ்வாறே கடந்து போகும் என்பது அவர்கள் முடிபு.

இம்மறுமொழியின் முற்பாதி சரியானது. அதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1925இல் ஹந்தானையில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. 1867இல் லூல்கந்துறையிலே தேயிலை பயிரிடத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் பழைய பொறிகளும் அங்கு வைக்கப்பட்டுள்ளன. டெய்லர் தொடக்கத்திலே தம் வீட்டு விறாந்தையில் ஆட்களைக்கொண்டு கையால் இலை உருட்டுவித்தார். பின்னர் உருட்டும் பொறி வந்தது. கை நோகாமல் இலை உருண்டதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. அப்பொறி மிச்சம் பிடித்த உழைப்பின் பயன் லயத்து அறைக்குப் போகாமல் கம்பெனியின் கணக்குக்குப் போனதற்காகவே வருந்த வேண்டும். அந்த நூதனசாலையிலே பொறிகள் பெயரோடு நிற்கின்றன; அவற்றை இயக்கிய தொழிலாளரின் பெயர்களைத் தேடிக் காண்பது அரிது.

ஆயின் மறுமொழியின் பிற்பாதியிலே பிழை இருக்கிறது. இலை உருட்டும் பொறி இரும்பால் ஆனது; இலை உருட்டியவரின் கைகளைப் பறித்து அது செய்யப்படவில்லை. படம் தரும் பொறியோ ஓவியரின் படங்களாலேயே ஆனது. அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறுங் கணக்கே. ஓர் ஓவியன் வாழ்நாளெல்லாம் ஈட்டிய கோட்டின் இயல்பு, அவனைக் கேளாமல் எடுக்கப்பட்டு, அவனுக்கே போட்டியாகச் சந்தையில் நிறுத்தப்படுகிறது. இது பொறிக்கும் தொழிலாளிக்கும் இடையிலுள்ள பழைய முரண்பாடு மட்டுமன்று. உழைப்பின் விளைவே உழைத்தவனுக்கு எதிராகத் திரும்பும் நிலை இங்கு கண்கூடாகிறது. கடந்து போகும் என்று கைகட்டி இருத்தல் முற்போக்காகாது.

அதற்காக நாம் பழங்கால மோகத்துக்கு ஆளாதலும் கூடாது. குமாரசுவாமியின் நூலில் நாம் உடன்படாத இடம் இதுவே. கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவைக் குகைக் கோயிலின் சுவரோவியங்கள் கீர்த்தி சிறீ இராஜசிங்கன் (1747-1782) காலத்தவை. அவற்றைத் தீட்டியவருள் தேவரகம்பொலை சில்வத்தென்னை உன்னான்சே என்பவரின் பெயர் நமக்குக் கிடைத்துள்ளது. அச்சுவரின் முன் நிற்பவர் எவரும் அக்கையின் தேர்ச்சியை மறுக்கமாட்டார். ஆனால் அக்காலத்துக் கைவினைஞர் பெரும்பாலும் சாதியால் தொழிலுக்குட் பிறந்து, சேவைக்கு ஈடாகக் கிடைத்த நிலத்தால் அரசனுக்கும் விகாரைக்கும் கட்டுண்டிருந்தனர். குமாரசுவாமி அவ்வமைப்பிலே இசைவைக் கண்டார். விலங்கை அவர் போதியளவு காணவில்லை. தகப்பன் தொழிலையே மகன் செய்ய வேண்டும் என்ற சமுதாயத்துக்குத் திரும்பி நாம் கலையைக் காக்க விரும்பவில்லை. நமக்கு வேண்டியது, லயத்திற் பிறந்த பிள்ளை விரும்பினால் ஓவியராகவும் அத்தொழிலாற் சோறுண்ணவும் இயலுகின்ற சமுதாயம்.

இனி, படத்தின் தரத்துக்கு வருவோம். பொறியின் படம் அழகற்றது என்று வாதிடுவது வீண். பலவேளைகளில் அது கண்ணைப் பறிக்கிறது. அது எதைக் காண்கிறது என்பதே நாம் எழுப்பும் வினா. கதைக்கு ஓவியன் வரையும் படம் அக்கதையைப் பற்றிய ஒரு விமர்சனம். எந்தக் கணத்தை வரைவது, எவர் முகத்தை மறைப்பது, எப்பொருளைச் சட்டகத்துக்கு வெளியே விடுவது என்று அவன் முடிவு செய்கிறான். முடிவு செய்வதற்குக் கதையைப் படிக்க வேண்டும். படித்ததை ஊரிலே பார்த்ததோடு ஒப்பிட வேண்டும். பொறியோ பல படங்களிற் பெரும்பான்மையாகக் காணப்படுவதையே பொருளின் இயல்பு என்று கொள்கிறது.

நாம் கற்பிக்கும் வகுப்பிலே இதனைச் சோதித்துப் பார்த்தோம். 'இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்' என்று கேட்டதற்குப் பொறி தந்த படத்திலே, நகை அணிந்த இளநங்கை ஒருத்தி, பூங்கூடை போன்றதொரு கூடையை இடுப்பில் ஏந்தி, மாலை வெயிலிற் புன்னகை செய்தாள். தோட்டத்துப் பிள்ளைகள் முதலிற் சிரித்தனர். பின்னர் குறைகளை அடுக்கினர். தலையில் மாட்டும் கயிறு எங்கே? இடுப்பிற் கட்டிய படங்கு எங்கே? மட்டக்கம்பு எங்கே? கையிற் பிடித்திருப்பது கொழுந்தா, முற்றிய இலையா? ஒரு மாணவி கேட்டது நம்மைச் சிந்திக்க வைத்தது: "இவங்க காலில ஏன் அட்டை கடிச்ச தழும்பு இல்ல, சேர்?" அப்பொறி பொய் சொல்லவில்லை. சுற்றுலா விளம்பரங்களும் தேயிலைப் பெட்டிகளும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகுக்குக் காட்டிய படத்தை அது நம்பிக்கையோடு திருப்பித் தந்தது. ஹந்தானை என்றதும் மூடுபனியையும் மாணவர் காதலையும் நினைவூட்டும் கற்பனை ஒன்று 1969இல் வெளிவந்த 'ஹந்தானே கதாவ' என்னும் சிங்களத் திரைப்படத்தோடு வேரூன்றியது. அக்கற்பனையிலே பல்கலைக்கழகம் இருக்கிறது, மலை இருக்கிறது, அம்மலையிற் கொழுந்து பறிப்பவர்க்கு இடமில்லை. எவருடைய வாழ்வு படமாக்கப்படவில்லையோ அவர்களைப் பொறி அறியாது. அவர்களைப் பார்த்து வரைய ஒரு மனிதன் அங்கு போயாக வேண்டும்.

ஓவியக் கல்வியின் பயன் இங்கேதான் தொடங்குகிறது. பாடசாலையிற் சித்திரம் கற்பிப்பது எல்லாரையும் ஓவியராக்குவதற்கன்று. ஓர் இலையை வரையும் பிள்ளை, அதன் விளிம்பு பல்லுப்பல்லாக இருப்பதை அன்றுதான் காண்கிறது. வரைதல் என்பது பார்க்கக் கற்றல். இதனை உணர்ந்தோர் நம்மிடையே இருந்தனர். கல்விப் பகுதியின் தலைமை ஓவியப் பரிசோதகராக விளங்கிய சி. எஃப். வின்சரின் ஊக்கத்தால் ஓவியக் கல்வி புதுவழி கண்டது. அவர் பெயராலேயே எஸ். ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் நிறுவினார். அ. மாற்கு (1933-2000) ஆசிரியராயிருந்து பல ஓவியரை உருவாக்கினார். கண்டியிலோ, திரித்துவக் கல்லூரித் தேவாலயச் சுவரில் டேவிட் பெயின்ரர் விவிலியக் காட்சிகளை நம் நாட்டுச் சூழலில் வைத்துத் தீட்டினார். கண்டியில் 1901இற் பிறந்து அக்கல்லூரியிலேயே பயின்ற ஜோர்ஜ் கீற், 1943ஆம் ஆண்டுக் குழுவினருள் முன்னணியில் நின்றார். இவர்களெல்லாம் தம் மண்ணைத் தம் கண்ணாற் பார்த்தவர்கள்.

இன்று நம் மலையகப் பாடசாலைகளின் நிலை யாது? சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என அழகியற் பாடங்கள் ஏட்டிலே உள்ளன. சித்திர ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் பல. ஆசிரியர் உள்ள இடத்திலும் முடிந்த படத்துக்கே புள்ளி. பார்த்த பார்வைக்குப் புள்ளியில்லை. சூரியன் இரண்டு மலைகளுக்கிடையே உதிப்பதையும், குடிசையருகே தென்னை சாய்வதையும் தென்னையே காணாத மலைப் பிள்ளைகளைக்கொண்டு வரைவித்தோம். அச்சுப் படத்தைப் பார்த்து எழுதும் பழக்கம் பொறி வருவதற்கு முன்னரே வகுப்பறையில் இருந்தது. சுவரொட்டிப் போட்டிக்கு மாணவன் இன்று பொறியின் படத்தைக் கொண்டுவருவானாயின், நாம் கேட்டு வந்த 'முடிந்த படத்தை' அவன் விரைவாகத் தருகிறான் என்பதே பொருள். தமிழ்க் கட்டுரையிலும் இதே நிலையைக் காண்கிறோம். ஆதலின் மாணவனைத் தண்டிப்பதால் இது தீராது. நாம் கேட்பதை மாற்ற வேண்டும். முடிந்த படத்தோடு அதற்கு முன் வரைந்த பத்துக் கீறல்களையும் கேட்போம். பாடசாலை வாசலிலுள்ள மரத்தை மூன்று பருவங்களில் வரையச் சொல்வோம். பொறி தந்த படத்தையே வகுப்பில் வைத்து, அதிற் காணாதவற்றை எழுதச் சொல்வோம். மேற்கூறிய மாணவியின் வினா எந்தப் புள்ளித் திட்டத்திலும் அடங்காத ஓவியக் கல்வி.

நம் கருத்துக்கு எதிராகக் கூறப்படும் நியாயமான வாதம் ஒன்றையும் நாம் மறைக்கலாகாது. ஓவியருக்குக் கொடுக்கப் பணமில்லாத தோட்டத்து இளைஞன் தன் முதற் கவிதை நூலை வெளியிடுகிறான். செலவின்றி அவனுக்கு ஓர் அட்டை கிடைப்பதை நாம் எவ்வாறு குறைகூறலாம்? சிற்றிதழ்கள் கடனில் நடக்கின்றனவே? இவ்வறுமை உண்மையானது. ஆயின் வறிய எழுத்தாளனின் சுமையை அவனிலும் வறிய ஓவியன்மீது இறக்கிவைப்பது தீர்வாகாது. இலவசமாகக் கிடைக்கும் படம் உண்மையில் இலவசமானதன்று. அதன் விலையை வேறொருவர் முன்னரே கொடுத்துவிட்டார். பணமில்லையெனில் எழுத்தை மட்டும் அழகாக அடுக்கிய அட்டை போதும். அல்லது அதே தோட்டத்துப் பிள்ளை ஒன்று வரைந்த கோட்டுப்படத்தை வெளியிடலாம். அதன் குறைகளும் அவ்வூரினுடையனவாக இருக்கும்.

தொழிலாளர் உரிமையைப் பக்கந்தோறும் எழுதும் முற்போக்கு ஏடுகளுக்கு இதிற் சிறப்பான பொறுப்பு உண்டு. சுரண்டலைக் கண்டிக்கும் கட்டுரைக்கு, சுரண்டிச் சேர்த்த படங்களால் ஆன பொறியைக்கொண்டு முகப்புத் தீட்டுவது பொருந்தாச் செயல். ஏடுகள் ஓவியருக்குச் சிறு தொகையேனும் கொடுத்தல் வேண்டும். ஓவியரின் பெயரை எழுத்தாளரின் பெயரோடு அச்சிடல் வேண்டும். பொறியின் படத்தை வெளியிட நேர்ந்தால் அதனை வாசகருக்கு வெளிப்படையாகச் சொல்லல் வேண்டும். பெயர் அச்சிடுதல் தயவன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியோன் தன் பெயர் குறிக்கப்படுமாறு கோரும் உரிமையை அங்கீகரிக்கிறது. அவன் வாழ்நாளுக்குப் பின்னும் 70 ஆண்டுகள் பதிப்புரிமையைக் காக்கிறது. ஆயினும் பொறிகள் வரும் முன் இயற்றப்பட்ட சட்டம் அது. படங்களைப் பயிற்சிக்கு எடுப்போர் அனுமதி பெறவும் ஈடு கொடுக்கவும் தெளிவான விதி வேண்டும். அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில், மனித ஆக்கியோன் இல்லாத ஆக்கத்துக்குப் பதிப்புரிமை இல்லையென்று தீர்ப்பளித்தது. அது நல்லதே, ஆனால் வேலையிழந்த ஓவியனுக்கு அத்தீர்ப்பு சோறிடாது. தனித்தனியே நிற்கும் ஓவியர் ஒரு சங்கமாகச் சேர்ந்து, அட்டைக்கும் உட்படத்துக்கும் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்துக் கேட்காத வரை, சட்டமும் அவர்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. கூலியை ஒன்றுபட்டுக் கேட்கும் பாடத்தை இம்மலையின் தோட்டத் தொழிலாளர் நெடுங்காலமாக நமக்குக் கற்பித்து வருகின்றனர்.

படம் வரைந்தவர் யார், அவருக்கு என்ன கிடைத்தது என்னும் குமாரசுவாமியின் வினாவை இன்று கேட்க வேண்டியவர் வாசகரே. ஏடு ஒன்றை வாங்கியதும் முகப்பைப் புரட்டி, ஓவியர் பெயர் அச்சிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த ஏட்டிலிருந்தே தொடங்குங்கள்.